மூன்று வெத்துப் போரும் ஒரு முனைவர் பட்டமும்

1. மாவு

துணைவேந்தர் அன்றைக்கு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தண்ணீர் பீறிட்டு அடிக்கும் நேரத்தில் அவர் அங்கே நிற்க வேண்டும், அவர் பக்கத்தில் நான் நிற்க வேண்டும், இரண்டு பேரையும் சேர்த்து யாராவது போட்டோ எடுக்க வேண்டும் என்பது என் கணக்கு. காற்று திசை மாறியது. குழாயைச் சுற்றிக் கிளம்பிய பாறை மாவு அவர் தலை, மீசை, சட்டை எல்லாவற்றிலும் படிந்தது. என் மேலும்தான் படிந்தது. என்னை யாரும் துடைத்துவிடவில்லை.

போர் வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். "சார், நானூறு அடி தாண்டியாச்சு. மாவு காஞ்சுதான் வருது. ஈரமே தட்டல. இன்னும் எறக்கவா?"

"இன்னும் நூறு போங்க" என்றேன்.

ஐநூறிலும் மாவுதான்.

துணைவேந்தர் கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "குருசாமி, நீங்க நிலத்தடி நீர்லதான பிஎச்.டி.?"

"ஆமா சார்."

"சரி, சரி. சும்மா கேட்டேன்."

அந்தச் 'சும்மா'வை நான் ஓய்வு பெறும்வரை மறக்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது மல்லாங்கிணறு. படித்தது ஜியாலஜி, அதாவது நிலவியல். எங்கள் சொந்தக்காரர்கள் பலருக்கு அது இன்றுவரை ஜூவாலஜிதான். மாடு தீனி எடுக்காவிட்டால் எனக்குப் போன் வரும். வெளியூரில் ஒரு பழைய, பெரிய பல்கலைக்கழகத்தில் வெகுகாலம் வேலை பார்த்தேன். அரசு புதிதாக ஒரு பல்கலைக்கழகம் தொடங்கி, அதன் வளாகம் ஒன்றை அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையில் திறந்தபோது, சொந்த மண்ணுக்குச் சேவை செய்யப் போகிறேன் என்று சொல்லி மாறி வந்தேன். அங்கே துறைத்தலைவர் பதவி சீக்கிரம் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். கிடைத்தது. துறையில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

கட்டடம் எழும்பும்வரை ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து வகுப்பு நடத்தினோம். முகூர்த்த நாளில் எங்களுக்கு விடுமுறை. சுவரில் பல்கலைக்கழகக் காலண்டரும் முகூர்த்தக் காலண்டரும் சேர்ந்தே தொங்கும். ஒருமுறை மணமேடைக்கு முன்னால் நின்று பாறைகளின் வயதைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்க, சமையல்காரர் எட்டிப் பார்த்து, "ஐயரு வந்தாச்சு போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

2. உப்பு டீ

புதுக் கட்டடம் வந்தது. பெண்கள் விடுதியும் வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. மாவு கக்கியது முதல் போர். இரண்டாவதற்கும் நான்தான் பாயிண்ட் பார்த்தேன்.

பாயிண்ட் பார்ப்பது என்றால் எங்கள் முறையில் தேங்காயும் இல்லை, வேப்பங்குச்சியும் இல்லை. நாலு கம்பியை மண்ணில் அடித்து, மீட்டரை வைத்து, பூமிக்குள் கரண்ட் எவ்வளவு தாராளமாகப் போகிறது என்று பார்ப்போம். தண்ணீர் இருந்தால் தாராளமாகப் போகும். களிமண் இருந்தாலும் போகும். உப்புத் தண்ணீராக இருந்தால் ஓடியே போகும். அன்றைக்கு ஓடியே போனது. நான் மகிழ்ந்து போனேன்.

தண்ணீர் நிறையவே வந்தது. முதல் டீ எனக்கு. குடித்துவிட்டு, "சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டீங்களா?" என்று கேன்டீன் அம்மாவிடம் கேட்டேன்.

"நான் எதையுமே போடல சார். நீங்க போட்ட போருல பிடிச்சதுதான்" என்றார் அவர்.

மூன்றாவது போரில் நல்ல தண்ணீர் வந்தது. கைதட்டினோம். கைதட்டல் ஓய்வதற்குள் தண்ணீரும் ஓய்ந்து, குழாயில் புஸ் என்று காற்று வந்தது. அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் பஸ் ஏறிப் போய்விட்டது. அதன்பிறகு டவுன் பஸ் கண்டக்டர்கள் எங்கள் நிறுத்தத்தில், "காத்துக் காலேஜு எல்லாம் எறங்கு!" என்று கூவ ஆரம்பித்தார்கள். நானும் இறங்கினேன். வேறு எங்கே இறங்குவது?

சிரிப்பாகச் சொல்கிறேன். அப்போது சிரிப்பாக இல்லை. விடுதிக்கு லாரியில் தண்ணீர் வந்தது; லாரி வராத நாளில் பிள்ளைகள் குளிக்காமல் வகுப்புக்கு வந்தார்கள். இப்படியே போனால் வளாகத்தைத் தலைமை வளாகத்தோடு சேர்த்துவிடுவோம் என்று பதிவாளர் சொன்னார். தலைமை வளாகம் தூரம். எங்களிடம் படித்த பெண் பிள்ளைகளில் பாதிப்பேர் எம்.ரெட்டியபட்டி, மல்லாங்கிணறு சுற்று வட்டாரம். ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி வந்து மாலைக்குள் வீடு திரும்ப முடிகிறது என்பதற்காகவே அனுப்பப்பட்டவர்கள். வளாகம் போனால் அவர்களுடைய படிப்பும் அதோடு போகும்.

நல்ல வேளையாகக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாயை எங்கள் பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். விடுதி பிழைத்தது. அதில் என் பங்கு எதுவும் இல்லை. பதிவாளர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "வளாகம் இருக்கட்டும் சார். நிலவியல் துறை இருக்கணுமான்னுதான் அடுத்த கூட்டத்துல பேசப் போறாங்க. சாதனைன்னு காட்ட உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

"மூணு போர் இருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

3. அமலி

மூன்று போரையும் கான்கிரீட் போட்டு மூடச் சொல்லி, வளாகப் பராமரிப்பைப் பார்க்கும் எஸ்டேட் பிரிவிலிருந்து உத்தரவு வந்தது. எனக்கும் சம்மதம்தான். தினமும் அந்த வழியாகத்தான் நடந்து போக வேண்டியிருந்தது.

அப்போது எங்கள் முதல் எம்.எஸ்சி. அணியில் அமலி என்று ஒரு மாணவி. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா மிக்கேல், கரிசல்காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற விவசாயி. அமலி வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். அன்றைக்கு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், போர மூட வேணாம். இரும்பு மூடி போட்டுப் பூட்டு மட்டும் போடச் சொல்லுங்க."

"ஏம்மா, ஞாபகார்த்தமாவா?"

"இல்ல சார். ஐப்பசி மழைக்கு அப்புறம் உள்ள தண்ணி மட்டம் ஏறுதா, சித்திரையில எங்க எறங்குதுன்னு அளக்கலாம். தண்ணி எடுக்கத்தான் அது உதவாது. அளக்க உதவும்ல?"

நான் பாடப்புத்தகத்தில் நடத்திய பாடம்தான் அது. கண்காணிப்புக் கிணறு என்ற தலைப்பில் பரீட்சைக்குக் கேள்வியும் கேட்டிருக்கிறேன். என் மூன்று தோல்விகளையும் அந்தக் கண்ணோடு பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது.

அவள் அதோடு விடவில்லை. முனைவர் பட்டத்துக்கு எங்களிடமே பதிவு செய்துகொண்டபோது சொன்னாள்: "நம்ம பக்கம் காட்டுக்கு ஒரு வெத்துப் போர் கெடக்கு சார். அம்புட்டையும் அளப்போம்."

பெரிய பல்கலைக்கழகங்களில் ஒரு கண்காணிப்புக் கிணறு தோண்ட நிதி கேட்டு வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். எங்கள் வட்டாரத்தில் விவசாயிகள் தங்கள் சொந்தச் செலவில், எங்களுக்காகவே தோண்டி வைத்ததுபோல ஊரெங்கும் தோண்டி வைத்திருந்தார்கள். பணக்காரத் துறை நாங்கள். தெரியாமல் இருந்துவிட்டோம்.

காட்டச் சொல்லிக் கேட்பதுதான் கஷ்டம். தோற்றுப் போன போரை யாரும் காட்ட மாட்டார்கள். மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்து, கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருப்பார்கள். பக்கத்துக் காட்டுக்காரன் கண்ணில் படக்கூடாது. முதலில் போன ஊரில் செல்லையா என்ற விவசாயி, அமலியின் பக்கத்து ஊர்க்காரர், எங்களைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எதுக்கு வெத்துப் போரப் பாக்க வந்திருக்கீக? தண்ணி ஊத்துற போர் ஒண்ணு அந்தப் பக்கம் இருக்கு, அதப் போயிப் பாருங்க."

நான் நிலத்தடி நீரின் முக்கியத்துவம் பற்றி ஆரம்பித்தேன். அவர் கொட்டாவி விட்டார். வேறு வழியில்லாமல், "எங்க காலேஜுலயும் மூணு போச்சுங்க. மூணுக்கும் பாயிண்ட் பார்த்தது நான்தான்" என்றேன்.

செல்லையா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் காத்துப் போரா? அது நீங்கதானா?"

"நான்தான்."

"ஒரு உப்புப் போர் போட்டாகளே, அதுவும் நீங்கதானா?"

"அதுவும் நான்தான்."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அடடா! வாங்க, வாங்க! ஏத்தா, சாருக்கு மோர் கொண்டா!" என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தார். தானே போய் முள்ளை இழுத்துப் போட்டுக் கல்லைப் புரட்டினார். பிறகு ஒவ்வொரு ஊரிலும் அமலி என்னை முன்னால் தள்ளி, "சார், உங்க போர் கதையச் சொல்லுங்க" என்பாள். நான் சொல்வேன். கல் புரளும். ஆய்வில் என் பங்களிப்பு என்ன என்று பிற்பாடு யாரோ கேட்டார்கள். இதுதான். மற்றபடி டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

யாருடைய போர் என்ன ஆழத்தில் இருக்கிறது என்று எவரிடமும் சொல்ல மாட்டோம் என்று அமலி எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தாள். ஆய்வில் ஒவ்வொன்றுக்கும் எண் மட்டும்தான், பெயர் கிடையாது.

வருடங்கள் ஓடின. மழைக்கு ஏறிய மட்டம் கோடையில் இறங்குவதும், ஒவ்வொரு கோடையிலும் முந்தின கோடையைவிடக் கொஞ்சம் கீழே போவதும் அவள் வரைந்த கோடுகளில் தெரிந்தது. ஆழப் போகப் போக உப்பு. அதற்குக் கீழே இடுக்கே இல்லாத கெட்டிப் பாறை. சில ஊர்களில் இனிப் புதிதாகப் போர் போட்டால் பலன் இல்லை என்று அவளால் சொல்ல முடிந்தது. அந்த வேலையைக் காட்டி ஆராய்ச்சி நிதி கிடைத்தது. நிதியில் ஆய்வுக்கூடம் வந்தது. ஆய்வுக்கூடத்தைக் காட்டி இரண்டு ஆசிரியர்கள் வந்தார்கள். துறையை மூடும் பேச்சு நின்றது. நான் கூட்டங்களில் கால்மேல் கால் போட ஆரம்பித்தேன்.

4. இருக்கலாம்

அமலி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அவளுடைய அப்பா மிக்கேல் என்னைப் பார்க்க வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ஜெபமாலை. நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றுவிட்டார்.

"சார், நான் காட்டுல ஒரு போர் போடலாம்னு இருக்கேன். இவ வேணாங்கறா. அளந்து பாத்தாளாம், தண்ணி இல்லையாம். அளந்தா தெரியுமா சார்? நீங்க சொல்லுங்க. தண்ணியே இல்லியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அமலியின் கோடுகளை என்னைவிட நன்றாகப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் நான் பேராசிரியர். எங்களுக்கு ஒரு பேச்சு இருக்கிறது. "கிடைக்கிற வாய்ப்பு ரொம்பக் குறைவு. அதே சமயம், அறவே இல்லைன்னு உறுதியா சொல்லிற முடியாது" என்றேன்.

மிக்கேல் அதில் முன்பாதியை என் அறையிலேயே வைத்துவிட்டுப் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். "இல்லன்னு சொல்ல முடியாதுன்னு பெரிய சாரே சொல்லிட்டாக" என்று ஊரில் சொல்லி, லோனும் போட்டு, போர் வண்டியையும் கூட்டி வந்துவிட்டார்.

தண்ணீர் வந்தது.

சும்மா வரவில்லை, ஆள் உயரத்துக்கு அடித்தது. வெடி போட்டார்கள். மறுநாள் மிக்கேல் ஒரு கேனில் தண்ணீரும் ஒரு பொட்டலம் ஜிலேபியும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "குடிச்சுப் பாருங்க சார். இனிப்பா இருக்கும்." இனிப்பாகத்தான் இருந்தது. புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் ஜிலேபியை எடுத்துக்கொண்டே, "அப்ப ஆய்வேட்ட வாபஸ் வாங்கிரலாமா சார்?" என்று கேட்டார்.

அமலி அப்பாவோடு சண்டை போடவில்லை. "வாராவாரம் உங்க போரையும் அளந்துக்கிறட்டா அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"தாராளமா அள" என்றார் அவர், பெருமையாக.

அளந்தாள். பங்குனியில் மட்டம் பாதிக்கு இறங்கியிருந்தது. சித்திரையில் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடி, பிறகு காற்றை இழுத்தது. மிக்கேல் அதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அதிகாலையில் சிறிது நேரம் மோட்டாரைப் போட்டு வாய்க்காலை நனைத்து வைப்பார். பார்ப்பவனுக்குத் தண்ணீர் பாய்ந்ததுபோல இருக்கும். அமலிக்குத் தெரியும். அவள் சொல்லி எனக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

இதற்கிடையில் அவருடைய தண்ணீரைப் பார்த்த சுற்று ஊர்க்காரர்கள் பலர் போர் வண்டிக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். செல்லையாவும் அதில் ஒருவர்.

5. பொது வாய்மொழித் தேர்வு

முனைவர் பட்டத்துக்குக் கடைசிப் படி பொது வாய்மொழித் தேர்வு. ஆய்வாளர் தன் வேலையை விளக்க, யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. நடைமுறையில் துறை ஆட்கள் உட்கார்ந்து, முன்கூட்டியே பேசி வைத்த மூன்று கேள்வியைக் கேட்டு, பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டுக் கலைவார்கள். எங்கள் வளாகத்தின் முதல் தேர்வு அமலியுடையது. வெளித் தேர்வாளராக மேற்கே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மூத்த பேராசிரியை வந்திருந்தார். கறார் பேர்வழி. அவருக்கு இளநீர் வாங்கி வைப்பதிலேயே என் காலைப்பொழுது போயிருந்தது.

நாங்கள் ஆரம்பிக்க இருந்த நேரத்தில் வாசலில் ஒரு லோடு வேன் வந்து நின்றது. பின்னாலேயே ஷேர் ஆட்டோக்கள். செல்லையா முதலில் இறங்கினார். பின்னால் போர் கொடுத்த விவசாயிகள் எல்லோரும். பொது என்று போட்டிருந்ததால் அமலி எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறாள். "அவுக போரத்தான சார் அளந்தோம். என்ன கண்டுபிடிச்சோம்னு அவுகளுக்குச் சொல்ல வேணாமா?" என்றாள். எனக்குச் சொல்லவில்லையே என்று கேட்டேன். "சொன்னா பிஸ்கட்டுக்குப் பயந்து வேணாம்பீக" என்றாள். உண்மைதான். பிஸ்கட்டு பற்றாது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். துறை ஆட்கள் பின்னால் போய் நின்றார்கள். மிக்கேல் கடைசியாக வந்து, கதவோரமாக நின்றுகொண்டார்.

அமலி தமிழிலேயே விளக்கினாள். படங்களைக் காட்டினாள். முடிந்ததும் யாரிடமாவது கொடுத்துக் கேட்கச் சொல்லலாம் என்று நான் பாக்கெட்டில் எழுதி வைத்திருந்த முதல் கேள்விக்கு வேலையே இல்லாமல் போயிற்று. செல்லையா எழுந்துவிட்டார்.

"இந்தக் கோடெல்லாம் எனக்குப் புரியலம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எங்க பக்கம் போர் போட்டாத் தண்ணி வராதுன்னு சொல்ற. உங்க அப்பா போட்டாரு, ஆளு உசரத்துக்கு அடிச்சிச்சே! அப்ப நீ எழுதுனது தப்பா? இல்ல, எங்களுக்கு மட்டும் வராதா?"

முன்வரிசை முழுக்க, "அதானே!" என்றது. வெளித் தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அமலியைப் பார்த்தார். நல்ல கேள்வி, அவருடைய பட்டியலிலேயே அதைவிட நல்ல கேள்வி இருந்திருக்காது.

பதில் அமலியின் கையில் இருந்தது. அப்பாவுடைய போரின் கோடு, வாரா வாரம் இறங்கிய கோடு, அவளுடைய கணினியில் அடுத்த படமாக இருந்தது. அதைக் காட்டினால் ஊர் முன்னால் அப்பா தலைகுனிய வேண்டும். யார் போரையும் பேர் சொல்லிப் பேச மாட்டேன் என்று கொடுத்த வாக்கும் போகும். காட்டாவிட்டால் அவளுடைய ஆய்வேடு அங்கேயே விழும். அதைவிட, இத்தனை பேரும் வீட்டுக்குப் போய்ப் போர் வண்டியைக் கூப்பிடுவார்கள்.

ஆய்வு நெறியாளர், அதாவது நான், வாய் திறக்கக்கூடாது என்பது விதி. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விதி என்னைக் காப்பாற்றியது. திறந்திருந்தால் "இருக்கலாம்" என்று ஏதாவது சொல்லியிருப்பேன்.

"யார் போர் என்ன நெலமைன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அமலி. "உங்க எல்லாருக்கும் வாக்குக் குடுத்திருக்கேன். அவுக யாரா இருந்தாலும் சொல்ல மாட்டேன். பேர் இல்லாமச் சொல்றேன். புதுப் போர்ல மொதல்ல வர்றது பாறை இடுக்குல ரொம்பக் காலமாத் தேங்கிக் கெடந்த தண்ணி. அது தீர்ந்தா..."

"பேர் சொல்லாட்டி நாங்க எப்படி நம்புறது?" என்றார் செல்லையா.

கதவோரத்திலிருந்து மிக்கேல் முன்னால் வந்தார். மெதுவாகத்தான் வந்தார். இரண்டு வரிசைக்கு நடுவில் நின்று, கையெடுத்து எல்லோரையும் கும்பிட்டார்.

"வந்துச்சு செல்லையா. இப்ப வரல. சித்திரையிலயே காத்து இழுத்திருச்சு. நாந்தான் வாய்க்கால நனைச்சு நனைச்சு உங்க கண்ணக் கட்டுனேன்." பிறகு மகளைப் பார்த்தார். "எம் போரும் அதுல இருக்குல்ல தாயி? பேரச் சொல்லியே காட்டு. நான் சம்மதிக்கேன்."

அமலி அடுத்த படத்தைப் போட்டாள். சரிந்து இறங்கும் ஒரே ஒரு கோடு. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கரிசல்காட்டு விவசாயிக்கு இறங்கு கோடு புரியும். அவள் படத்தைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லையா எழுந்து தன் இருக்கையை மிக்கேலுக்கு விட்டுவிட்டு, "ஒக்காரு மாப்ள" என்றார்.

வெளித் தேர்வாளர் அதன்பிறகு அமலியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பொது வாய்மொழித் தேர்வுக்குப் பொதுமக்கள் வந்து நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க பல்கலைக்கழகம் சின்ன வயசு. இந்தப் பழக்கத்த வளரவளர விட்டுறாதீங்க" என்றார். பிஸ்கட்டு பற்றவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

6. சாதனைகள்

அந்தப் பருவத்தில் அந்த ஊர்களில் யாரும் போர் போடவில்லை. போர் வண்டித் தரகர் ஒருவர் வளாகத்துக்கே வந்து, "எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீகளே சார், நல்லா இருப்பீகளா?" என்று என் அறை வாசலில் சத்தம் போட்டார். எங்கள் துறைக்குத் தொழில்துறையிலிருந்து கிடைத்த முதல் நற்சான்று அது. ஊர்க்காரர்கள் சேர்ந்து ஊருணிக்கு வருகிற கால்வாயில் மண்டிக் கிடந்த சீமைக் கருவேலத்தை வெட்டி, மழைக்கு முன்னால் தூர் வாரினார்கள். எங்கள் மாணவர்களும் போய் மண்வெட்டி பிடித்தார்கள். மிக்கேல் அந்த வருடம் மழையை மட்டும் நம்பி விளைகிற குதிரைவாலி போட்டார். லோனை அடைக்கச் சிரமப்பட்டார்; அதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. அமலி எங்கள் துறையிலேயே ஆசிரியர் ஆனாள். இப்போது அவளை நான் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். வாயில் வருவதில்லை.

வருடாந்திர அறிக்கைக்குத் துறைச் சாதனைகளை அனுப்பச் சொன்னார்கள். ஆய்வேடு, நிதி, ஆய்வுக்கூடம் எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் 'போடப்படாமல் தடுக்கப்பட்ட போர்கள்' என்றும் எழுதி அனுப்பினேன். தலைமை வளாகத்திலிருந்து போன் வந்தது.

"சார், போடாத போர எப்படி சார் சாதனைல காட்டுறது? போட்டோ எதுவும் இருக்கா?"

"எப்படிப்பா இருக்கும்?"

"அப்ப அந்த வரிய எடுத்துறட்டுமா சார்?"

எடுத்துவிட்டார்கள். அச்சான அறிக்கையில் அது இல்லை. போர் வண்டிக்குப் பக்கத்தில் நானும் துணைவேந்தரும் நிற்கிற படமும் இல்லை, நல்ல வேளை.

புதிய பல்கலைக்கழகங்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்களுக்குப் பழைய பெருமை எதுவும் இருக்காது. அதனால் ஊர்க்காரன் உங்கள் பேச்சை நம்பி நேராகக் காட்டுக்கு எடுத்துப் போவான். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். இல்லை என்று தெரிந்தால் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். நீங்கள் கௌரவத்துக்காகச் சொல்கிற ஒரு 'இருக்கலாம்', இன்னொருவன் காட்டில் ஐநூறு அடி இறங்கும்.